கால் பவர்

மூக்குக் கண்ணாடியை நீங்கள் அடிக்கடி மேலே தள்ளிக்கொள்கிறீர்கள், ஐயா. நேற்று என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது தள்ளியிருப்பீர்கள். பெரிய கோளாறு இல்லை. மூக்கின் மேல் உட்காரும் இரண்டு பட்டைகளும் அகன்றுபோயிருக்கின்றன, அவ்வளவுதான். எந்தக் கண்ணாடிக் கடையிலும் காசு வாங்காமல் நெருக்கிக் கொடுப்பார்கள். நானே செய்துவிடுவேன், ஆனால் இப்போது நான் இருக்கும் நிலையில் உங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் நன்றாக இருக்காது.

தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க பெரியவரே" என்றீர்கள். எழுதுகிறேன். கோர்வையாக வருமா தெரியாது. எழுத்து என் மனைவியின் துறை. நான் லென்ஸ் தேய்ப்பவன். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குச் சாணையில் தேய்த்து மாட்டிக் கொடுப்பது என் வேலை. ஒரே கடை, ஒரே முதலாளி, முப்பத்தாறு வருஷம். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக்கூடத் தப்பான பவர் போட்டுக் கொடுத்ததில்லை. முதலாளியைக் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

என் மனைவி அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். அச்சுக்குப் போகும் முன் தாளில் பிழை தேடும் வேலை. அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எந்த எழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் நான் எழுதிய ஒரே காதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். ஏழு பிழை. அதோடு கடிதம் எழுதும் ஆசையை விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தக் கண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே பவர் அதிகம். கிட்டமும் மங்கல், தூரமும் மங்கல். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது நானா கதவா என்று கேட்பாள். படிக்க ஒன்று, நடமாட ஒன்று என்று இரண்டு கண்ணாடி. இரண்டும் முப்பது வருஷமாக என் கையால் தேய்த்தவை. "என் மூக்கு மேல வேற எவன் கையும் படக் கூடாது" என்று கேலியாகச் சொல்வாள். வாரம் ஒருமுறை இரண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, திருகு முடுக்கிக் கொடுப்பேன். அந்த அரை மணி நேரம் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றோம். எனக்குக் கிடைத்தது சொற்பம், முதலாளி கூப்பிடும்போது மட்டும் கடைக்குப் போய்ச் சாணையில் உட்காருவேன். அவளுக்கு அச்சகம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தது. சாகும்வரை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அதுதான், அதில் ஒரு பங்கு மகள் வீடு வாங்கும்போது அவளுக்கு. காசோலையை என் கையில் கொடுத்து, "எழுத்துன்னா நான் பாத்துக்கறேன், எண்ணுன்னா நீங்க பாத்துக்கங்க" என்றாள். "பேங்க்லயே போட்டுருங்க. வட்டி கம்மின்னாலும் நிம்மதியா தூங்கலாம்."

பாதியை பேங்க்கில் போட்டேன். மீதியைப் பங்குச் சந்தை ஃபண்ட் ஒன்றில் போட்டேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்போது அதையே பேசினார்கள், கண் சோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே லாபம் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவளிடம் மறைக்கவில்லை. முகத்தைச் சுளித்தாள், பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கணக்கு அறிக்கை மாதாமாதம் தாளில் அச்சாகி, தபாலில் வர வேண்டும். "போன்ல காட்டுறதெல்லாம் எனக்கு வேணாம். தாள்ல இருந்தாத்தான் அது இருக்கு."

முதல் வருஷம் ஏறியது. அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அறிக்கையைப் படிப்பாள். பணம் கூடியிருந்தாலும் சந்தோஷம், பிழை கிடைத்தாலும் சந்தோஷம். பிறகு சந்தை விழுந்தது.

விழுந்தது என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அது அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. இன்று நானூறு புள்ளிகள் சரிவு, நேற்று எழுநூறு புள்ளிகள் சரிவு என்று செய்தி வாசிக்கும் பெண் வாசிப்பாள், அடுத்த நிமிஷம் மழை பற்றிச் சொல்வாள். காலையில் சந்தை திறக்கும் நேரத்துக்குக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு போனைப் பார்ப்பேன். பல நாள் குளிக்காமலேயே தலையை நனைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன்.

இரண்டாவது மாதம் அறிக்கையைப் படித்தவள், "ஏங்க, நல்லாவே கொறஞ்சிருக்கு. வித்துருங்க. போனது போகட்டும்" என்றாள். சரி என்றேன். இரண்டு நாள் கழித்து, விற்றுவிட்டேன், பணத்தை பேங்க்கில் வைப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். விற்கவில்லை. விற்காதவரை அது தாளில் இருக்கும் ஒரு எண், விற்றுவிட்டால்தான் நஷ்டம். இதை இன்றும் நான் தப்பான எண்ணம் என்று சொல்ல மாட்டேன். விட்ட இடத்தில்தானே பிடிக்க வேண்டும். விலை இறங்கும்போது வாங்குகிறவன்தான் கெட்டிக்காரன் என்று தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் சொன்னார். பேங்க்கில் இருந்த மற்ற பாதியையும் எடுத்து அதிலேயே போட்டேன். கணக்கு இருவர் பேரிலும் இருந்ததால் என் கையெழுத்தே போதுமாக இருந்தது. ஆழம் தெரியாமல் ஒரு காலை விட்டவன், இன்னொரு காலையும் விட்டுத் தேடினேன்.

அவள் விடவில்லை. "பேங்க்ல போட்டதுக்குத் தாள் குடுத்திருப்பாங்களே, எங்க?" என்று கேட்டாள். நாலு நாள் சாக்குச் சொன்னேன். ஐந்தாவது நாள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, பழைய வைப்புச் சான்று ஒன்றைப் பார்த்து நானே டைப் அடித்து ஒன்று தயாரித்தேன். எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். முத்திரைகூடப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். "புள்ளி போச்சு" என்றாள்.

சந்தையைச் சொல்கிறாள் என்று நினைத்து, எத்தனை புள்ளி என்று கேட்க வாயெடுத்தேன்.

"இங்க பாருங்க. மூணு எடத்துல வைப்புன்னு சரியாப் போட்டிருக்கான். நாலாவது எடத்துல நடு எழுத்துக்குப் புள்ளி இல்ல. இவ்வளவு பெரிய பேங்க்ல மெய்ப்புப் பாக்க ஒரு ஆள் கெடையாதா? மேனேஜருக்கு ஒரு லெட்டர் போடணும்."

லெட்டர் எல்லாம் எதற்கு என்றேன். அவள் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்றாள். கோடு ஒன்று கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணையும் விரலால் தேய்த்துக்கொண்டு, "இல்ல, என் கண்ணுதான் சரியில்லையோ என்னவோ" என்றாள்.

அந்த வார்த்தையை முதலில் சொன்னது அவள்தான், நான் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

பிழையில்லாமல் ஒரு தாள் தயாரிக்க எனக்கு வராது. முப்பத்துமூன்று வருஷம் பிழை பிடித்தவளோடு அந்த விளையாட்டில் நான் ஜெயிக்க முடியாது. எனக்கு வருவது கண்ணாடி. அந்த வாரம் கழுவும்போது இரண்டு கண்ணாடியிலும் லென்ஸை மாற்றினேன். அதே ஃபிரேம், அதே கீறல், உள்ளே கால் பவர் குறைவு.

கால் பவர் என்பது எங்கள் தொழிலில் இருப்பதிலேயே சின்ன அளவு. சோதனை நாற்காலியில் உட்கார வைத்து இது தெளிவா அது தெளிவா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு கால். பிறகு இன்னொன்று. படிக்கும் கண்ணாடியை மட்டும் குறைத்தால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். கிட்டம் மட்டும் மங்கினால் கண்ணாடியின் மேல் சந்தேகம் வரும். இரண்டும் சேர்ந்து மங்கினால்தான் கண் கெடுகிறது என்று தோன்றும். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் பழக்கம்.

நாலாவது மாதம் ஃபண்ட் கம்பெனியின் உறையை நான் எடுப்பதற்கு முன்னால் அவள் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். பிரித்தாள். கிட்டே வைத்தாள், தூர வைத்தாள், ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். "என்னங்க இது?" என்று என்னிடம் நீட்டினாள்.

"விளம்பரம்" என்றேன். "பழைய ஆளுங்கன்னு விடாம அனுப்பறான்."

"தூக்கிப் போடுங்க" என்றாள். அன்று எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஓய்வுக்குப் பிறகும் அச்சகம் மெய்ப்புப் பார்க்க அவளுக்கு வீட்டுக்குத் தாள் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் அவள் கையெழுத்தோடு போய் அச்சாகிவிட்டது. அட்டையில் பெரிய எழுத்தில் 'கல்வியே கண்' என்று இருக்க வேண்டும். இரண்டாவது எழுத்தின் புள்ளி விழுந்துவிட்டது. எப்படி அச்சாகியிருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை, நீங்களே புள்ளியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஐந்நூறு குழந்தைகள் அதை வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள். அச்சகக்காரர் போனில் கோபப்படவே இல்லை. "பரவாயில்ல அக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். குழாய் எப்படியும் திறந்துதான் இருந்தது.

நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஐந்தாவது மாதம் சந்தை தொடர்ந்து எட்டு நாள் ஏறியது. ஒன்பதாவது நாள் அவள் கண்ணாடியில் கால் பவரைத் திருப்பி வைத்தேன். இன்னும் ஒரு வாரம் ஏறியது, இன்னொரு கால் வைத்தேன். அவள் பால்கனியில் நின்றுகொண்டு, "ஏங்க, எதிர் கடை போர்டு தெரியுதுங்க! தொலைபேசி நம்பர் வரைக்கும் தெரியுது!" என்று கூப்பிட்டாள். நான் வாங்கிக் கொடுத்திருந்த சத்து மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்று நாங்கள் இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டோம். அவள் சாப்பாட்டுப் பட்டியலில் நாலு பிழை கண்டுபிடித்தாள். பணம் முழுக்கத் திரும்பி வந்த அன்று முழுப் பவரையும் கொடுத்துவிடலாம், அவளுக்குக் கண் தேறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அதில் எந்த இடத்திலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை ஆயிரத்து இருநூறு புள்ளிகள் விழுந்தது. அந்த வாரமே இரண்டு கால் பவரையும் திரும்ப எடுத்தேன். அதற்கு மேலும் எடுக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து சில மாதம் அப்படித்தான் போயிற்று. சந்தை ஏறினால் அவளுக்குக் கொஞ்சம் தெரியும், இறங்கினால் தெரியாது. காலையில் போனைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற என் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு எனக்கு எப்படி இருக்கும்னு தோணுது?" என்று அவளே விளையாட்டாகக் கேட்பாள். ஒன்றுமே தெரியாமல்தான் கேட்டாள்.

ஒரு நாள் டாக்டரிடம் போகலாம் என்று பிடிவாதமாகச் சொன்னாள். கடைக்குச் சீட்டு அனுப்பும் பெரிய டாக்டர் எனக்கு வேண்டியவர், முதலில் நான் போய் உன் விவரத்தைச் சொல்லிக் கேட்டு வருகிறேன் என்றேன். பூங்காவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நரம்பு பலவீனம் என்றேன். மருந்து கிடையாது, அலைச்சலும் வெளிச்சமும் ஆகாது, லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் படித்தால் இன்னும் கெடும் என்றேன். அவள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"முழுசாப் போயிருமா?"

"இப்பவே இல்ல" என்றேன்.

தலையாட்டினாள். மறுநாள் காலையில் அடுக்களைக்குள் போனபோது டப்பாக்களுக்கெல்லாம் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டீத்தூளுக்கு மூன்று. கண்ணை மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை எட்டு, அங்கிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்துக்கொண்டாள். எண் தன் வேலை இல்லை என்று சொன்னவள், நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒரு மாடிக்குப் பதினாறு படி. காலையில் நான் பின்னால் நின்று படிகளைச் சத்தமாக எண்ணுவேன், அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். முதல் மாடியிலிருந்து தரைக்கு இறங்கும் கடைசிப் படிக்கட்டில் மட்டும் கைப்பிடி பாதியில் நின்றுவிடும். அங்கே என் குரல்தான் அவளுக்குப் பிடி.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த நாலைந்து மாதம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நெருக்கமான காலம். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவேன். மாதம் பிறந்தால் வெறும் தாள் ஒன்றை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, பேங்க் கணக்கை வாசிப்பேன். ஒவ்வொரு மாதமும் வட்டியைச் சேர்த்து, போன மாதம் சொன்னதையும் நினைவில் வைத்து, கூட்டல் தப்பாமல் வாசித்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்பாள். "நல்லவேளை, அன்னிக்கே வித்தீங்க. உங்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிருது" என்பாள். அப்படி ஒரு பேச்சை அவள் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. உண்மையில் அப்போது போட்டதில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம்.

போன மாதம் மகள் போன் செய்தாள். வீடு ஒன்று அமைந்திருக்கிறதாம். அவள் கேட்கவில்லை, அம்மாதான், "எங்க பங்கு தயாரா இருக்கும்மா. வந்து வாங்கிட்டுப் போ. அப்பா கணக்கு வச்சிருக்காரு" என்றாள். திங்கட்கிழமை வருவதாக முடிவாயிற்று. மூன்று பேருமாக பேங்க்குக்குப் போவது, அப்படியே அம்மாவைத் தன் ஊரின் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது. "அப்பா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. ஒருவாட்டி நான் காட்டிட்டுத்தான் விடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். நன்றாகப் படிக்கத் தெரிந்த, இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிகிற ஒருத்தி என் வீட்டுக்கு வருகிறாள்.

எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் நான் தூங்கவில்லை. யாரிடமாவது கடன் கேட்கலாமா என்று பார்த்தேன், அவ்வளவு கொடுக்கிற ஆள் எனக்கு யார் இருக்கிறார்கள். மகளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். என்ன என்று தொடங்குவது? பணம் போய்விட்டது என்றா, அம்மாவுக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை என்றா? ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு சாண் என்ன முழம் என்ன என்பார்கள், ஆனால் மூக்கு வரைக்கும் வந்து நிற்கிறவனுக்கு அந்த ஒரு சாண்தான் முக்கியம்.

சனிக்கிழமை அதே நிபுணர் தொலைக்காட்சியில் வந்தார். சரிவு முடிந்துவிட்டது, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சந்தை பழைய இடத்துக்குத் திரும்பும் என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆறு வாரம் மட்டும்தான். இதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றது புரியும். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை, அவள் மேல் நிச்சயமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள், "வாங்க, ஒருதடவை இறங்கி ஏறிப் பாத்துருவோம். மக வரும்போது நான் தடுமாறக் கூடாது. பாத்தா அழுதுருவா" என்றாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். நான் பின்னால் நின்று எண்ணினேன். மூன்றாவது மாடியிலிருந்து பதினாறு, சரியாக எண்ணினேன். இரண்டாவதிலிருந்து பதினாறு, அதுவும் சரி. கடைசிப் படிக்கட்டில் கைப்பிடி முடிந்த இடத்தில் அவள் கையை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டாள். அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் தானும் மனசுக்குள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும், அதனால் எதிர் வீட்டுக்காரம்மா நேற்று உன்னை விசாரித்தாள் என்று நடுவில் ஒரு பேச்சைப் போட்டேன். அவள் அதற்குப் பதில் சொன்னாள். பதிமூன்றாவது படியில் அவள் கால் இருந்தபோது, "பதினாறு. தரை வந்தாச்சு, தாராளமா நட" என்றேன்.

நான் தள்ளவில்லை. என் கை அவள் மேல் படவில்லை. மூன்று படி என்பது இரண்டு அடி உயரம்கூட வராது. ஒரு கால் எலும்பு முறிந்தால் சேர ஆறு வாரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலைத்தான் நினைத்தேன். இடுப்பையும் தலையையும் நினைக்கவில்லை. கீழே விழுந்து கிடந்தவள் கத்தவில்லை. மெல்ல முகத்தை என் பக்கம் திருப்பி, "ஏங்க, எண்ணிக்கையில நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் வந்தாள். அம்மாவுக்குக் கண் தெரியாது என்று சொன்னதால் கண் டாக்டர் ஒருவர் கட்டிலுக்கே வந்தார். சின்னப் பெண், என் மகள் வயசுகூட இருக்காது. வெகு நேரம் விளக்கடித்துப் பார்த்தாள். "கண்ணுல எந்தக் குறையும் இல்லையேம்மா" என்றாள். என் மனைவியின் கண்ணாடிகளை வாங்கிப் போய்க் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, இதை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர். அவரைத் தவிர வேற யார்கிட்டயும் நான் போட்டுக்க மாட்டேன்" என்றாள் என் மனைவி. பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் பெண் சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகச் செருகினாள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த அட்டையை என் மனைவி மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரிக்குக் கீழே, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு என் முகத்தை அவள் தெளிவாகப் பார்த்தது அப்போதுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. வீட்டிலிருக்கும் தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி மகளிடம் மட்டும் சொன்னாள்.

இதுதான் நடந்தது. சான்றைத் தயாரித்தது நான், லென்ஸை மாற்றியது நான், பதிமூன்றைப் பதினாறு என்று சொன்னதும் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதில் எதையும் மறுக்கப் போவதில்லை.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று அவளுக்குப் போகும் என்று சொன்னீர்கள். அதைப் பற்றித்தான் ஒரு வேண்டுகோள். அவள் கண் முழுப் பவருக்கு இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது. இத்தனை பக்கம் ஒரே மூச்சில் படித்தால் தலைவலி வரும், அதுவும் என் கையெழுத்தில். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என்னோடு ஒரு காவலரை அனுப்புங்கள், பத்து நிமிஷம் போதும். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இதை நானே அவளுக்கு வாசித்துக் காட்டிவிடுகிறேன்.